பெட்டியில் ஜென் 4, டெஸ்டில் ஜென் 3: கடைக்காரர் ஏமாற்றினாரா?

கேள்வி: கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் புது கம்ப்யூட்டர் போட்டேன்: ரைசன் 5 5600ஜி, பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி ஜென் 4 எஸ்எஸ்டி. போர்டு பெட்டியில் "பிசிஐஇ 4.0" (டேட்டா பாதையின் நாலாம் தலைமுறை, அதுதான் ஜென் 4) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எஸ்எஸ்டி பெட்டியில் நொடிக்கு 7,000 எம்பி. டெஸ்ட் செய்தால் 3,500-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எஸ்எஸ்டி டூப்ளிகேட்டோ என்று சந்தேகம். கடைக்காரரோ "போர்டு ஜென் 4தான் சார், பெட்டியைப் பாருங்க" என்கிறார். போதாததற்கு, பழைய எஸ்எஸ்டி ஒன்றை, போர்டில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் போட்டேன். அன்றிலிருந்து கல்யாண ஃபுட்டேஜ் வைத்திருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். நாலு கேமரா 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் இப்போதும் திக்குகிறது. போர்டை மாற்றுவதா, எஸ்எஸ்டியை மாற்றுவதா, கேஸ் போடுவதா? அடுத்த மாதம் தங்கைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் வேலைதான். ஆன்லைனில் மலிவாக ஒரு "ஐ7" பார்த்து வைத்திருக்கிறாள். வாங்கலாமா?

பதில்: முதலில் ஹார்ட் டிஸ்க். அதில்தான் நாலு குடும்பத்தின் கல்யாணம் இருக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் அது சாகவில்லை. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, இரண்டாவது ஸ்லாட்டில் போட்ட அந்தப் பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். டிஸ்க் பழையபடி வந்து நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். பல பி550 போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்கும், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகளில் கடைசி இரண்டுக்கும் ஒரே பாதை. எம்.2-வில் எதையாவது செருகினால் அந்த இரண்டு சாட்டாவும் சத்தமில்லாமல் அணைந்துவிடும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. எது அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஒன்றில் 5, 6. இன்னொன்றில் 3, 4. போர்ட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் நம்பர் அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் கேபிளை அணையாத போர்ட்டுக்கு மாற்றிவிட்டால் எஸ்எஸ்டியும் இருக்கலாம், டிஸ்க்கும் இருக்கலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். டிஸ்க் தெரிந்து, விண்டோஸ் "இனிஷியலைஸ்" செய்யவா, "ஃபார்மேட்" செய்யவா என்று கேட்டால் எதையும் அழுத்தாமல் மூடிவிடுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றியும், கேபிள் மாற்றியும், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் பயாஸ் திரையிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்காதீர்கள். அது டேட்டா ரெக்கவரிக்காரர் வேலை.

இனி 3,500 கணக்கு. உங்கள் எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா என்று பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறங்கள். "டிரான்ஸ்ஃபர் மோட்" என்ற வரியில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு விவரம் இருக்கும். இடது பக்கம் இப்போது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது, வலது பக்கம் எஸ்எஸ்டியால் முடிந்தது. உங்களுக்கு இடது பக்கம் பிசிஐஇ 3.0 எக்ஸ்4 என்றும் வலது பக்கம் பிசிஐஇ 4.0 எக்ஸ்4 என்றும்தான் இருக்கும். ஜென் 3-இல் நான்கு லேன் (டேட்டா போகும் பாதை, எக்ஸ்4 என்பது அதுதான்) என்றால் ஏட்டுக் கணக்கில் நொடிக்கு 3,900 எம்பி சொச்சம், கைக்குக் கிடைப்பது 3,500 அளவு. உங்கள் டெஸ்டில் வந்த எண் அப்படியே பொருந்துகிறது. எஸ்எஸ்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் ப்ராசஸர். போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் எம்.2 ஸ்லாட்டின் லேன்கள் நேராக ப்ராசஸரிலிருந்தே வருகின்றன. போர்டில் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் பி550 சிப்செட்டுக்கு அதில் பங்கே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு போடும் முதல் நீள ஸ்லாட்டும் அப்படித்தான். நீங்கள் காவிரிக் கரைக்காரர், சொன்னால் உடனே புரியும்: வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் மதகில் விடுகிற தண்ணீர்தான் வயலுக்கு வரும். பி550 போர்டு வெட்டி வைத்தது ஜென் 4 வாய்க்கால். 5600ஜி ப்ராசஸர் திறப்பது ஜென் 3 மதகு. சிப்செட் தன் பங்குக்குத் தருவதும் ஜென் 3-தான், பி550 போர்டில் "4.0" என்று எங்கெல்லாம் போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அது ப்ராசஸரை நம்பிப் போட்டது.

இதை போர்டு கம்பெனிகள் மறைப்பதில்லை, ஆனால் எங்கே சொல்கின்றன என்று பாருங்கள். பெட்டியின் முன்பக்கம் 4.0. வெப்சைட்டில் முதல் பக்கம் முழுக்க 4.0, கூடவே நீல வெளிச்சத்தில் பறக்கும் படம். ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் "ஸ்டோரேஜ்" பகுதிக்குப் போனால்தான் எம்.2_1 என்பதன் கீழே, ரைசன் 5000 ஜி வரிசை ப்ராசஸர் போட்டால் 3.0 எக்ஸ்4 என்று இன்னொரு வரி வரும். பயனர் கையேட்டிலும் இருக்கும். கடையில் நின்று பெட்டியைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. "அதிகபட்சம்", "வரை", நட்சத்திரக் குறி: ஸ்பெக் ஷீட்டில் இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் எந்த ப்ராசஸருடன், எந்த ஸ்லாட்டில், வேறு எதைக் காலியாக விட்டால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போர்டுக்கென்று தனியாக ஸ்பெக் கிடையாது. போர்டும் ப்ராசஸரும் சேர்ந்த ஜோடிக்குத்தான் ஸ்பெக்.

எனக்குக் கோபம் போர்டு கம்பெனி மீதைவிட ப்ராசஸருக்குப் பெயர் வைத்தவர்கள் மீதுதான். 5600, 5600எக்ஸ் இரண்டுக்கும் ஜென் 4 உண்டு. 5600ஜி-க்குக் கிடையாது, சரி, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் வேறு சிப் என்று சமாதானம் சொல்லலாம். 5500-இல் கிராஃபிக்ஸும் கிடையாது, ஜென் 4-உம் கிடையாது. 5700எக்ஸ்-க்கு ஜென் 4. அந்த எக்ஸ் இல்லாத வெறும் 5700-க்கு ஜென் 3. ஒரு எழுத்து! பில் போடுகிற பையன் அவசரத்தில் அந்த எக்ஸை விட்டுவிட்டால் உங்களுக்கு வருவது வேறு பொருள்.

"அப்ப 5600ஜி-யை எடுத்துட்டு 5600 போட்டுடலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கேபிள் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும். அப்புறம் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். எஸ்எஸ்டி வேகத்துக்காக இவ்வளவு செலவு தேவையா என்பதற்கு உங்கள் வேலையிலேயே பதில் இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுக்கும் 4கே ஃபுட்டேஜ் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அது 12.5 எம்பி. நாலு கேமராவும் ஒரே நேரத்தில் ஓடினால் 50 எம்பி. உங்களிடம் 3,500 இருக்கிறது. 7,000 வந்தாலும் டைம்லைன் இதே மாதிரிதான் திக்கும்.

திக்குவதற்குக் காரணம் கேமரா இறுக்கிச் சுருக்கி வைத்த வீடியோவை ப்ராசஸர் ஒவ்வொரு ஃபிரேமாக விரிக்க வேண்டியிருப்பது. அதிலும் கேமராவில் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) வைத்து எடுத்திருந்தால் 5600ஜி-யின் கிராஃபிக்ஸ் அதைத் தொடாது. முழுப் பாரமும் ஆறு கோர் தலையில். எடிட்டிங் மென்பொருளில் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் லேசான ஒரு பிரதி) உருவாக்கி வேலை செய்யுங்கள். ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும். காசு செலவில்லை.

ரேமையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே வலது பக்கம் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற இடத்தில் 1 என்று இருந்தால் 16 ஜிபியை ஒரே குச்சியாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 5600ஜி-யின் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றைக் குச்சி என்றால் ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் மூச்சுத் திணறும். அதே மாதிரி இன்னொரு 16 வாங்கிப் போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதற்கு மேலே "ஸ்பீடு" என்ற இடத்தில் 3200 வரவில்லை, 2400 அல்லது 2666 என்று காட்டுகிறது என்றால் பெரும்பாலும் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யவில்லை. போர்டு பெட்டியில் ரேம் வேகம் 4,000-க்கு மேல் எல்லாம் போட்டிருப்பார்கள், பக்கத்தில் சின்னதாக "ஓசி" என்று இருக்கும். ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது என்பதன் சுருக்கம் அது. இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது 3200 வரைதான்.

கடைக்காரர் ஏமாற்றினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்து செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை, பெட்டியில் இருப்பதை அவரும் நம்பியிருக்கிறார். ஆனால் 5600ஜி-க்கு ஜென் 4 எஸ்எஸ்டி பரிந்துரைத்தவர் ஸ்பெக் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பது நிச்சயம். கேஸ் என்று போனால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட ஆணையத்திலும், நீங்கள் குடியிருக்கும் ஊர் எதுவோ அங்கேயே மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை ஸ்பெக் பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டுவார். கோட்டேஷனிலோ வாட்ஸ்அப்பிலோ "7,000 வேகம் வரும்" என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லையென்றால், ரேம் குச்சியை அடக்க விலைக்குக் கேளுங்கள், பேசினால் கொடுப்பார். எஸ்எஸ்டி வீணாகவில்லை, அடுத்த கம்ப்யூட்டருக்கும் அது வரும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். 2022-இல் வாடிக்கையாளர் ஒருவருக்கு பி450 போர்டும் ரைசன் 5 5600-உம் சேர்த்து அசெம்பிள் செய்தேன். பழக்கமான மொத்த வியாபாரியிடம் எடுத்த போர்டு, வெப்சைட்டில் ப்ராசஸர் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ரேமை மாற்றி, பவர் சப்ளையை மாற்றி, கார்டை மாற்றி ஒன்றரை நாள் போனது. கடைசியில் பட்டியலைத் திரும்பத் திறந்தால் கடைசி நெடுவரிசையில் இருக்கிறது: எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து இந்த ப்ராசஸர் ஓடும் என்று. என் கையில் இருந்தது குடோனில் கிடந்த பழைய சரக்கு, பயாஸும் பழசு. தெரிந்த கடையில் பழைய ரைசன் ஒன்றை இரவல் வாங்கி வந்து மாட்டி, பயாஸ் ஏற்றி, மறுபடி புதியதை மாட்டினேன். அதற்குப் பிறகு ப்ராசஸர் பட்டியலைப் படிக்கும்போது முதலில் போவது அந்தக் கடைசி நெடுவரிசைக்குத்தான். ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் பின்னால் இருக்கிற போர்டு என்றால் இந்தத் தலைவலி இல்லை.

இப்போது தங்கை கம்ப்யூட்டர். அந்த "ஐ7" விளம்பரத்தில் ஜெனரேஷன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்காது. ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி என்று மலிவாக வருபவற்றில் நிறைய, எச்61 சிப்செட் போர்டில் பழைய ஐ7-ஐ உட்கார வைத்தது. எச்61 வந்தது 2011-இல். அந்த சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 கிடையாது, 6 ஜிபிபிஎஸ் சாட்டா கிடையாது. இப்போது புதிதாகத் தயாராகி வரும் எச்61 போர்டுகளில் எம்.2 ஸ்லாட்கூட வைத்திருக்கிறார்கள், பார்க்கப் புதுசாகவே இருக்கும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெலில் எட்டாம் ஜெனரேஷனிலிருந்து மேலே, எச்61-இல் உட்காரும் ஐ7 அதற்கு முந்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆடிட்டர் ஆபீஸில் மற்றவர்களின் பான், வங்கி விவரம் எல்லாம் அந்த மெஷினில் இருக்கும். வேண்டாம்.

அவள் வேலைக்கு எச்610 போர்டும் 12-ஆம் ஜெனரேஷன் ஐ3-யும் தாராளம். ப்ராசஸர் பெயர் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, அதை எடுக்காதீர்கள். எச்610 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் தனித்தனியாக வருகின்றன, பெயரில் ஒரு "டி4"தான் வித்தியாசம் என்கிற மாடல்களும் உண்டு. ரேம் குச்சியில் நடுவெட்டு இடம் மாறியிருக்கும், தப்பானதை வாங்கினால் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. இந்த சிப்செட்டில் எம்.2-வும் ஜென் 3-தான். ஒரு தடவை பட்டுவிட்டீர்கள், ஜென் 4 எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

"வைஃபை ரெடி" என்று போட்டிருந்தால் கார்டு மாட்ட இடம் இருக்கிறது, கார்டு இல்லை என்று அர்த்தம். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 ஜிபிபிஎஸ்தான், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். "மொத்தம் 10 யுஎஸ்பி" என்றால் பின்னால் எத்தனை என்று எண்ணுங்கள். மீதி போர்டுக்குள்ளே ஹெடராக (கேபிள் செருகும் ஊசிகளாக) இருக்கும், கேபினெட்டில் அதற்கு வாய் இருந்தால்தான் பயன்.

உங்கள் ஸ்டூடியோவுக்குப் பின்னாளில் கேப்சர் கார்டு (கேமரா வீடியோவை நேராகக் கம்ப்யூட்டரில் வாங்கும் கார்டு) போடுகிற யோசனை இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டில் இரண்டு நீள ஸ்லாட் இருப்பதால் இரண்டும் எக்ஸ்16 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தங்க நிறத் தொடுமுனைகள் பாதிக்கு முன்னாலேயே நின்றுவிடும், மீதி வெறும் பிளாஸ்டிக். நீளம் 16, வேலை 4. வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்றால் வெப்சைட்டில் போர்டின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள், சால்டர் புள்ளிகள் எதுவரை போகின்றன என்பது அதிலேயே தெரியும். வாங்கிய பிறகு போர்டின் ஓரத்தில் "ரெவ்" என்று ஒரு எண் இருந்தால் குறித்து வையுங்கள். ஒரே மாடலில் ரெவிஷன் மாறும்போது உள்ளே பாகங்களும் மாறுவதுண்டு, பயாஸ் இறக்கும்போது அந்த எண்ணைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

கோட்டேஷன் வாங்கும்போது போர்டின் முழுப் பெயர், ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் எத்தனை குச்சி என்று எழுதி வாங்குங்கள். "பி550 போர்டு" என்பது பெயராகாது. முழுப் பெயர் கையில் இருந்தால் கையேட்டை இறக்கி ஸ்டோரேஜ் பக்கத்தையும் எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் பக்கத்தையும் படிக்க ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆகும். படித்துப் புரியாவிட்டால் அந்த இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.

அந்த 4 டிபி டிஸ்க் திரும்ப வந்ததும் எடிட்டிங்கில் உட்காராதீர்கள். இன்னொரு டிஸ்க் வாங்கி மொத்தத்தையும் காப்பி எடுத்து, அதை வீட்டில் வையுங்கள். ஃபுட்டேஜுக்கு வேறு பிரதி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அதுதான்.